திரையில் எழுந்து நிற்கும் பச்சை மனிதன்: அரசின் இலச்சினையை எப்படி வாசிப்பது?

இலச்சினைகளை வாசிக்க எங்கள் சனத்துக்கு எவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 2009இல் மெனிக் பாம் முகாமில் இருந்த எவரையும் கேட்டுப் பாருங்கள். எந்தத் தறப்பாளில் எந்த முத்திரை இருந்தது, எந்த வாளி எந்த நிறுவனத்தினுடையது, மா வந்த பையில் எந்த நாட்டின் கொடி அச்சிடப்பட்டிருந்தது என்று இன்றைக்கும் சொல்வார்கள். மீள்குடியேறிய பிறகும் அது தொடர்ந்தது. கிணற்றடியில் ஒரு பலகை, மலசலகூடக் கதவில் ஒரு ஸ்டிக்கர், வீட்டு முகப்பில் ஒரு கல். கட்டிக் கொடுத்தவரின் பெயர் அந்தக் கல்லில் இருக்கும். குடியிருப்பவரின் பெயர் இருக்காது.

சில காலத்துக்கு முன் கிளிநொச்சிப் பக்கம் ஒரு தாயின் வீட்டுக்குப் போயிருந்தேன். இறுதி யுத்தத்தின் முடிவில் மகனைப் படையினரிடம் கையளித்தவர். அவரை வைத்து ஆவணப்படம் எடுக்க விரும்பிய ஓர் இளைஞர் என்னோடு வந்திருந்தார். கமெராவை வெளியே எடுக்க முதலே அந்த அம்மா கேட்டார்: “தம்பி, இந்தப் படத்துக்கு ஆர் காசு குடுக்கிறது?”

நிதி தந்தவர்களின் லோகோ எல்லாம் படத்தின் தொடக்கத்தில் வரும், பார்க்கலாம் அம்மா என்றார் இளைஞர்.

“பார்த்து என்ன செய்யிறது? அது ஆரெண்டு எனக்குத் தெரியவேணுமே.”

அன்றைக்குப் படப்பிடிப்பு நடக்கவில்லை. தேநீர் குடித்துவிட்டு வந்துவிட்டோம். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. படம் தொடங்குமுன் சில விநாடிகள் திரையில் அசைந்து மறையும் அந்த அடையாளங்கள் உண்மையில் எதைச் சொல்கின்றன? அதிலும் அந்த அடையாளம் ஓர் அரசினுடையது என்றால் அதை நம்பலாமா, அல்லது அதுவே சந்தேகத்துக்குப் போதுமான காரணமா? இதைப் பார்க்க நான் எடுத்துக்கொண்ட உதாரணம் கனடா. எங்கள் உறவுகளில் பெரும் பங்கு அங்கே இருப்பது ஒரு காரணம். அரச பணத்தில் படம் எடுக்கும் ஒரு நிறுவனம் எவ்வளவு நல்லதும் எவ்வளவு கெட்டதும் செய்ய முடியும் என்பதற்கு அங்கே வேண்டிய அளவு சாட்சி இருப்பது இன்னொரு காரணம்.

யாழ்ப்பாணத்தில் வெலிங்டனிலும் ராஜாவிலும் மனோகராவிலும் படம் பார்த்த தலைமுறைக்கு ஜெமினி நிறுவனத்தின் ஊதுகுழல் ஊதும் இரட்டைச் சிறுவர்களைத் தெரியும். அது தனியார் முதலாளியின் கையொப்பம். கனடாவின் தேசிய திரைப்படச் சபையின் படங்களில் வருவது வேறு வகை. ஒரு பச்சை மனித உருவம். இரு கைகளையும் மேலே விரித்து நிற்கும். அந்தக் கைகளுக்கு எதிராக மேலே ஒரு வளைவு. இரண்டுக்கும் நடுவில் வட்டமான தலை. சற்று உற்றுப் பார்த்தால் மனிதன் மறைந்து ஒரு கண் தெரியும், தலைதான் கண்மணி. ஜோர்ஜ் போப்ரே என்ற வடிவமைப்பாளர் வரைந்த இந்த உருவம் 1969இல் பயன்பாட்டுக்கு வந்தது. ‘பார்க்கும் மனிதன்’ என்று அதற்குப் பெயர். காலத்துக்குக் காலம் அது திரைக்கு வந்து சேரும் விதம் மாறியிருக்கிறது, 2002இல் உருவமும் கொஞ்சம் செதுக்கப்பட்டது. அடிப்படை மாறவில்லை.

முதல் தடவை அந்தக் கண்ணைப் பார்த்தபோது எனக்கு மகிழ்ச்சி வரவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். அரசு ஒன்று தன்னைக் கண்ணாக வரைந்து காட்டினால் எங்களுக்கு வேறு நினைவு வருகிறது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமலாக்கப்பட்டோரின் உறவுகள் வீதியோரத்தில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அங்கே போனவர்களுக்குத் தெரியும், எதிர்ப்பக்கத்தில் சிவில் உடையில் நின்று படம் எடுத்தவர்களை. அவர்களும் பார்க்கும் மனிதர்கள்தான்.

அந்தப் பச்சை மனிதனுக்குக் கீழே இரண்டு மொழிகளில் எழுத்து வரும், ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும். இலச்சினை வந்த அதே 1969இல்தான் கனடா தனது உத்தியோகபூர்வ மொழிகள் சட்டத்தை நிறைவேற்றி இரண்டு மொழிகளுக்கும் சம நிலை கொடுத்தது. 1956இல் எங்கள் நாடு எடுத்த பாதையை நினைக்காமல் இதை ஒரு தமிழரால் வாசிக்க முடியாது. ஆனால் உடனே பெருமூச்சு விட்டுவிடவும் வேண்டாம். அந்த மண்ணின் முதற்குடிகளின் மொழிகள் எதுவும் அந்த இரண்டுக்குள் இல்லை. அதற்குப் பின்னால் வருகிறேன்.

இந்தச் சபை 1939இல் தொடங்கப்பட்டது. முதல் ஆணையாளர் ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த ஜோன் கிரியர்சன். அவருடைய பெயர் எங்கள் தீவின் கதையிலும் இருக்கிறது. 1934இல் பசில் ரைட் இயக்கிய ‘சோங் ஒஃப் சிலோன்’ படத்தின் தயாரிப்பாளர் அவரே. உலக ஆவணப்பட வரலாற்றில் இன்றும் கொண்டாடப்படும் படம் அது. அழகான படம், மறுக்கவில்லை. காசு எங்கிருந்து வந்தது? இலங்கைத் தேயிலையை விற்பதற்கான பிரசார அமைப்பிடமிருந்து. மலையகத்தில் அந்தத் தேயிலையைக் கொய்தவர்களின் லயன் அறைகளையும் கூலியையும் பற்றிப் பேசுவது அந்தப் படத்தின் வேலையாக இருக்கவில்லை. பணம் தந்தவர் இதைச் சொல்லாதே என்று கட்டளையிட்டிருக்கவே தேவையில்லை. எதைப் பற்றிப் படம் என்று தீர்மானிக்கும் இடத்திலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

கனடாவிலும் சபையின் முதல் வேலை யுத்தப் பிரசாரம்தான். இரண்டாம் உலக யுத்தம் தொடங்கிய வருடத்தில் பிறந்த நிறுவனம் வேறு என்ன செய்யும்? பிரித்தானியா தாக்குப்பிடித்ததைச் சொல்லும் ‘சேர்ச்சில்ஸ் ஐலண்ட்’ என்ற அதன் படம் 1942இல் ஆவணப்படத்துக்கான முதலாவது ஒஸ்கார் விருதைப் பெற்றது. 1950இல் வந்த திரைப்படச் சட்டம் சபையின் பணியை வேறு விதமாக எழுதியது: கனடாவைக் கனடியர்களுக்கும் ஏனைய நாட்டவர்களுக்கும் எடுத்து விளக்கும் படங்களைத் தயாரிப்பது. அரசைப் புகழ்வது என்று அதில் எழுதப்படவில்லை. ‘விளக்குவது’ என்ற அந்தச் சொல்லுக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதை வைத்துத்தான் அடுத்த எழுபது வருடங்களும் சண்டை நடந்திருக்கிறது.

அந்த இடத்தை முதலில் அகலமாக்கியவர்களில் ஒருவர் நோர்மன் மக்லாரன், சபையின் அனிமேசன் பிரிவை உருவாக்கியவர். இளைஞராக ஸ்பெயின் உள்நாட்டு யுத்தத்தில் கமெரா பிடித்தவர். 1952இல் ‘நெய்பர்ஸ்’ என்ற எட்டு நிமிடப் படத்தை எடுத்தார். பொம்மைகளை அசைப்பது போல உண்மையான மனிதர்களைச் சட்டம் சட்டமாக அசைத்து எடுத்த படம். இரண்டு அயலவர்கள், நடுவில் வேலி இல்லை. எல்லையில் ஒரு பூ முளைக்கிறது. இருவருக்கும் அது வேண்டும். வேலி வருகிறது, அந்த வேலித் தடியே ஆயுதமாகிறது. முகங்கள் மெல்ல மெல்லக் காட்டு முகங்களாக மாறுகின்றன. கடைசியில் ஒருவர் மற்றவரின் வீட்டுக்குள் புகுந்து மனைவியையும் கைக்குழந்தையையும் அடித்துக் கொல்கிறார். இருவரும் செத்து விழ, புதைகுழிகளின் மேல் ஒவ்வொரு பூ முளைக்கிறது. அயலவரை நேசி என்ற வசனம் பல மொழிகளில் வந்து படம் முடிகிறது.

வேலிச் சண்டையில் வெட்டுக்குத்து வரை போகும் யாழ்ப்பாணத்தவருக்கு இந்தப் படத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. அந்தப் படம் வெளியானபோது கொரியாவில் யுத்தம் நடந்துகொண்டிருந்தது, கனடியப் படைகளும் அங்கே நின்றன. அந்த நேரத்தில் கனடிய அரசின் பணத்தில், கனடிய அரசின் பெயரோடு, சண்டை பிடிப்பவர் இருவருமே மிருகமாகிறார்கள் என்று ஒரு படம் வந்தது. அதற்கு ஒஸ்காரும் கிடைத்தது. பெண்ணும் குழந்தையும் கொல்லப்படும் காட்சி மட்டும் பல காலம் வெட்டப்பட்டே காட்டப்பட்டது. வியட்நாம் யுத்தத்தின் காலத்தில் அது திரும்பச் சேர்க்கப்பட்டது. எல்லாரும் எல்லாரையும் கொல்லும் படத்தில் அந்த ஒரு காட்சியை மட்டும் தாங்க முடியவில்லை. குழந்தைகளின் சாவு படத்திலிருந்து வெட்டப்படுவது எங்களுக்குப் புதிதல்ல.

அந்தத் தாயின் கேள்விக்கு மிக அருகில் வருகிற சம்பவம் 1967இல் நடந்தது. மொன்றியல் நகரில் பிள்ளைகள் நிறைந்த ஓர் ஏழைக் குடும்பத்தின் வீட்டுக்குள் சபையின் படக்குழு போனது. வறுமையை அதன் உள்ளிருந்தே காட்டிய நேர்மையான படம். பெயர் ‘என்னால் மாற்ற முடியாதவை’ என்று பொருள்படும். அது தேசியத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. அந்தக் குடும்பத்துக்கு முன்கூட்டி அது காட்டப்படவில்லை. விளைவு, அயலில் கேலி, பிள்ளைகளுக்குப் பரிகாசம், குடும்பம் அந்த இடத்தை விட்டே போக வேண்டி வந்தது. படம் எடுத்தவர்கள் கெட்டவர்கள் அல்ல. அரசும் எதையும் மறைக்கவில்லை. ஆனாலும் ஒரு குடும்பத்தின் மானம் போனது.

அந்தத் தவறிலிருந்து சபை கற்றுக்கொண்டது. அதே 1967இல் நியூபவுண்ட்லாந்து மாகாணத்தின் ஃபோகோ தீவுக்கு கொலின் லோ என்ற இயக்குநர் போனார். மீன்பிடித் தீவு அது. சிறு சிறு கிராமங்கள், தொழில் விழுந்துவிட்டது. சனத்தைக் கிளப்பி வேறு இடங்களில் குடியேற்றுவது அன்றைய அரசின் கொள்கை. லோ அங்கே ஒரு பெரிய படம் எடுக்கவில்லை. இருபதுக்கும் மேற்பட்ட சிறு படங்களை எடுத்தார். பேசியவர்களுக்கே அவற்றை முதலில் போட்டுக் காட்டினார். வேண்டாம் என்று அவர்கள் சொன்ன பகுதியை வெட்டலாம். பிறகு ஒரு கிராமத்தின் பேச்சை அடுத்த கிராமத்தில் காட்டினார்கள். அடுத்தடுத்த ஊர்களில் இருந்தும் ஒருவரோடொருவர் கூடிப் பேசாத சனம், திரையில் மற்றவரின் துன்பத்தைக் கேட்டு, எங்கடை பிரச்சினையும் இதுதானே என்றது. கடைசியில் அமைச்சருக்கும் காட்டினார்கள். அமைச்சர் தன் பதிலைக் கமெராவுக்கு முன் சொல்ல, அது தீவுக்குத் திரும்பிப் போய்த் திரையிடப்பட்டது. சனம் மீனவர் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது. தீவு காலியாகவில்லை, இன்றும் அங்கே ஆட்கள் இருக்கிறார்கள்.

மயிலிட்டியிலிருந்து 1990இல் கிளம்பி 27 வருடங்களுக்குப் பிறகு துறைமுகத்தைக் கண்ட மீனவர்களை நினைத்துக்கொண்டு நான் இதைப் படித்தேன். எங்கள் கரையோரங்களில் எத்தனை கமெராக்கள் வந்து போயின! எடுத்ததை முதலில் எங்களுக்கே போட்டுக் காட்டியவர்கள் எத்தனை பேர்? ஒரு தாய் தன் மகனின் படத்தைப் பிடித்துக்கொண்டு அழும் காட்சி ஜெனீவாவில் ஓடியிருக்கும், ரொறன்ரோவில் ஓடியிருக்கும். பக்கத்துக் கிராமத்தில் ஓடியிருக்காது.

ஃபோகோ தீவில் வேலை செய்தது இலச்சினை அல்ல. பேசியவருக்கே முதல் காட்சி என்ற விதியும், வெட்டும் உரிமையும், பதில் சொல்லும்படி அதிகாரியைக் கட்டாயப்படுத்திய ஏற்பாடும்தான். அந்த விதிகளுக்கும் ஆயுள் இருந்தது. ‘மாற்றத்துக்கான சவால்’ என்ற அந்தத் திட்டம் 1980இல் முடிந்துவிட்டது.

இனி முதற்குடிகளின் விடயம். 1990 கோடையில் கியூபெக்கில் ஓகா என்ற ஊரின் கோல்ஃப் மைதானத்தை விரிவாக்கத் திட்டமிட்டார்கள். விரிவாக்கம் போன இடம் மொஹோக் மக்களின் பைன் மரக்காடும் இடுகாடும். மக்கள் வீதித்தடை போட்டார்கள். ஜூலை 11 அன்று மாகாணப் பொலிஸார் உள்ளே புக, துப்பாக்கிச் சூட்டில் ஒரு பொலிஸ்காரர் இறந்தார். ஆகஸ்டில் கனடிய இராணுவம் இறக்கப்பட்டது. எழுபத்தெட்டு நாட்கள் நீடித்த அந்த முற்றுகைக்குள் முள்ளுக்கம்பிக்கு அந்தப் பக்கம், மக்களோடு இருந்து படம் பிடித்தவர் அலானிஸ் ஒபோம்சாவின். அவரும் முதற்குடியான அபனாகி இனத்தைச் சேர்ந்தவர். தேசிய திரைப்படச் சபையின் இயக்குநர். அதாவது இராணுவத்துக்குச் சம்பளம் கொடுத்த அதே அரசின் திறைசேரியிலிருந்துதான் அவரது படச்சுருளுக்கும் காசு வந்தது. 1993இல் வெளியான அந்தப் படத்தின் பெயரே ‘கனெசதாகே: 270 ஆண்டு எதிர்ப்பு’. அதன் முன்னாலும் அந்தப் பச்சை மனிதனின் நிறுவனம்தான் நிற்கிறது. இதற்கு முன்பே, 1981இல் மிக்மாக் மக்களின் சால்மன் மீன்பிடியைத் தடுக்க நடத்தப்பட்ட பொலிஸ் சுற்றிவளைப்பைப் பற்றியும் அவர் 1984இல் படம் எடுத்திருந்தார்.

இதைப் படிக்கும்போது மனதில் எழுவது பொறாமை. எங்கள் மண்ணில் ஒரு முற்றுகைக்குள் ஒரு தமிழ்ப் பெண் அரசின் சம்பளத்தோடு கமெராவுடன் இருந்து, வெளியே வந்து, அரசின் அடையாளத்தோடு அந்தப் படத்தை வெளியிடுவதைக் கற்பனை செய்யவே எனக்குத் தைரியம் போதவில்லை. 2009 ஜனவரி 2இல் கிளிநொச்சி வீழ்ந்தது. அதே மாதத்தில்தான் கனடியச் சபை தனது நூற்றுக்கணக்கான படங்களை இணையத்தில் இலவசமாகப் பார்க்கத் திறந்துவிட்டது. அந்த மாதம் நாங்கள் எங்கே இருந்தோம் என்று உங்களுக்குத் தெரியும்.

ஆனால் அந்தப் பொறாமையோடு நின்றுவிட்டால் பாதி உண்மைதான். தன்னாட்சி பற்றிப் பெருமைப்படும் இதே சபை, நெசவாலைத் தொழிலாளரின் வாழ்வைப் பற்றி டெனி ஆர்கான் எடுத்த படத்தை 1970இல் வெளியிட மறுத்துப் பூட்டி வைத்தது. 1976இல்தான் அது வெளியே வந்தது. இடையில் களவாகப் பிரதி எடுக்கப்பட்ட வீடியோ நாடாக்கள் கைமாறிக்கொண்டிருந்தன. முதலாளித்துவத்தைக் கடுமையாகச் சாடிய ஜில் குரூவின் படத்துக்கும் அதே கதி. அது 1977 வரை அடைபட்டுக் கிடந்தது. பிரெஞ்சு மொழிக்குச் சம உரிமை கொடுத்த காலத்திலேயே பூட்டப்பட்டவை இரண்டும் பிரெஞ்சுப் படங்கள். பிரிவினை அச்சம் உச்சத்தில் இருந்த கியூபெக்கில் அரசின் பெயரில் யார் எதைச் சொல்லலாம் என்று அப்போது அளந்து பார்த்தார்கள்.

இன்னொரு சம்பவம் எங்களுக்கு இன்னும் பழக்கமான வகையைச் சேர்ந்தது. முதலாம் உலக யுத்தத்தின் விமானப்படை வீரர் பில்லி பிஷப் கனடாவின் தேசிய வீரர். அவரது சாதனைக் கணக்கைக் கேள்விக்குட்படுத்தி 1982இல் சபை ஒரு படம் வெளியிட்டது. முன்னாள் படையினர் கொதித்தெழுந்தார்கள். பாராளுமன்ற மேலவை விசாரணை நடத்தியது. படம் தடை செய்யப்படவில்லை. ஆனால் இது நாடகப்பாங்கான ஆவணப்படம் என்ற அறிவிப்பு அதற்கு ஒட்டப்பட்டது. யுத்த வீரர்களைப் பற்றிக் கேள்வி கேட்பது எந்த நாட்டிலும் இலகுவல்ல. எங்களுக்குள்ளும் இலகுவல்ல.

அதனால்தான் அந்தச் சபை எங்கள் கதை ஒன்றை எடுத்தபோது நடந்ததையும் சொல்ல வேண்டியிருக்கிறது. 2005இல் வெளியான ‘நோ மோர் டியர்ஸ் சிஸ்டர்’ என்ற படம் வைத்தியர் ராஜினி திராணகமவைப் பற்றியது. ஹெலன் குளொடாவ்ஸ்கி இயக்கினார், மைக்கேல் ஒண்டாச்சி குரல் கொடுத்தார். யாழ். பல்கலைக்கழக மருத்துவபீட விரிவுரையாளரும் மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர் அமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவருமான ராஜினி, 1989 செப்டெம்பர் 21 அன்று வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். விடுதலைப் புலிகளே கொன்றார்கள் என்பது அவரது குடும்பத்தினரும் தோழர்களும் சொல்லிவருவது. படத்தில் ராஜினியாக நடித்துக் காட்டியவர் அவரது மகள்.

இந்தப் படத்தைப் பற்றி எங்கள் ஆட்களோடு பேசிப் பாருங்கள். படத்தைப் பார்க்காமலே, வெளிநாட்டு அரசின் காசில் எடுத்தது, அதனால் புலி எதிர்ப்புப் பிரசாரம் என்று ஒருவர் தள்ளிவிடுவார். கனடிய அரச நிறுவனமே எடுத்தது, அதனால் மறுப்பதற்கில்லை என்று மற்றவர் மேசையில் அடிப்பார். இரண்டு பேரும் இலச்சினையைத்தான் பார்க்கிறார்கள், படத்தை அல்ல. என் கருத்து இது: அந்தப் படம் சொல்லும் துயரம் எங்களுடையது, அதைச் சொன்னதற்காக அதை வெறுப்பது எங்களுக்கு அழகல்ல. அதேவேளை ஒரு பெண்ணின் வாழ்வைச் சொன்ன படத்தை முழு யுத்தத்துக்குமான தீர்ப்பாகத் தூக்கிக்கொண்டு திரிவதும் சரியல்ல. ஒபோம்சாவினின் படம் மொஹோக் மக்களின் முழு வரலாற்றுக்கும் ஈடாகாதது போல.

கனடாவில் தேசிய திரைப்படச் சபையைத் தவிர டெலிபிலிம் என்று இன்னொரு அரச நிறுவனம் இருக்கிறது. 1967இல் வேறு பெயரில் தொடங்கியது. சபை தானே படம் தயாரிக்கும். டெலிபிலிம் தனியார் படங்களுக்குக் காசு கொடுக்கும். ஷியாம் செல்வதுரையின் நாவலைக் கொண்டு தீபா மேத்தா 2020இல் எடுத்த ‘ஃபன்னி போய்’ அப்படிப் பணம் பெற்ற படம். கறுப்பு ஜூலையின் கொழும்பைக் காட்டும் படத்தில் முக்கியத் தமிழ்ப் பாத்திரங்கள் பலவற்றுக்குத் தமிழர் இல்லை, பேசப்படும் தமிழ் தமிழாக இல்லை என்று புலம்பெயர் கலைஞர்கள் கோபப்பட்டார்கள். கனடாவின் சார்பில் அது ஒஸ்காருக்கு வேற்றுமொழிப் படமாக அனுப்பப்பட்டு, பாதிக்கு மேல் ஆங்கிலம் என்று திருப்பி அனுப்பப்பட்டதையும் நீங்கள் படித்திருப்பீர்கள். மொழியின் பெயரால் நடந்த ஒரு படுகொலையைப் பற்றிய படத்துக்கு இப்படி ஒரு முடிவு. நிதி கொடுத்த மேசையில் தமிழ் தெரிந்த ஒருவர் இருந்திருந்தால் என்று நான் நினைத்ததுண்டு.

இப்போது எங்கள் நாட்டுக்கு வருவோம். 1983 ஜூலையில் ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டது. அதன் உரிமையாளர் கே.குணரத்தினம் ஒரு தமிழர். எரிந்துபோன நெகட்டிவ்களில் ஏராளமானவை சிங்களப் படங்களினுடையவை. அதே நாட்களில் சிங்களத் திரையுலகில் பெயர் பெற்ற இயக்குநர் கே.வெங்கட் தமிழர் என்பதற்காகக் கொல்லப்பட்டார். 1972இல் அரசு தொடங்கிய திரைப்படக் கூட்டுத்தாபனம் அப்போது பதினொரு வயது நிறுவனம். எரிந்தது நாட்டின் சினிமா என்று அந்த அரசு உணர்ந்ததாகத் தெரியவில்லை.

கூட்டுத்தாபனத்தின் அடையாளம் எதற்கெல்லாம் பயன்படும் என்பதைப் பின்னர் ஒரு சிங்களப் படமே காட்டியது. பிரசன்ன விதானகேயின் ‘புரஹந்த களுவர’. யுத்தத்துக்குப் போன மகனின் உடல் என்று இராணுவம் கொண்டுவந்து கொடுத்த முத்திரையிட்ட சவப்பெட்டியை நம்ப மறுக்கும் பார்வையற்ற ஒரு தகப்பனின் கதை. அவர் அதைத் தோண்டித் திறக்கும்போது உள்ளே உடல் இல்லை. அந்தப் படத்துக்குக் காசு கொடுத்தது ஜப்பானின் என்.எச்.கே. நிறுவனம். அரசு ஒரு சதமும் கொடுக்கவில்லை. ஆனாலும் 2000ஆம் ஆண்டில் யுத்த நிலைமையைக் காரணம் காட்டி அதன் வெளியீட்டை அரசு நிறுத்தியது. 2001இல் உயர் நீதிமன்றம் போய்த்தான் படம் மீட்கப்பட்டது. காசு கொடுக்காத இடத்திலும் அரசின் கை இருந்தது, திரையரங்குக்குப் போகும் வழியில்.

முத்திரையிட்ட பெட்டியை நம்ப மறுத்த அந்தச் சிங்களத் தகப்பனும், கையளித்த மகனுக்கு மரணச் சான்றிதழ் வாங்க மறுக்கும் எங்கள் தாய்மாரும் கேட்பது ஒரே கேள்வியைத்தான். கூட்டுத்தாபனத்தின் நிதியில் அந்தத் தாய்மாரைப் பற்றித் தமிழில் ஒரு படம் வரட்டும் என்று நாம் கேட்கலாம். கேட்கவும் வேண்டும், அது எங்கள் வரிப்பணமும்தான். ஆனால் கேட்கும்போது காசை மட்டும் கேட்டுவிட்டு வரக்கூடாது. தெரிவுக் குழுவில் யார் இருப்பார்கள், எழுத்துப் பிரதியை யார் திருத்துவார்கள், முடிந்த படத்தை அமைச்சர் ஒருவரால் நிறுத்த முடியுமா, சாட்சி சொன்னவருக்குப் படத்தை முதலில் காட்டுவீர்களா என்பதையும் எழுத்தில் வாங்க வேண்டும். புலம்பெயர் அமைப்புகளின் காசுக்கும் இதே கேள்விகள்தான். எங்கள் காசு என்பதால் அது கேள்விக்கு அப்பாற்பட்டதாகிவிடாது. எதைச் சொல்லக்கூடாது என்று எங்களுக்குள்ளும் பட்டியல் இருக்கிறது.

கனடாவிலும் எதுவும் நிரந்தரமில்லை. 2024இல் செலவைக் குறைக்க வேண்டும் என்று அந்தச் சபை டசின் கணக்கான பணியிடங்களை வெட்டியது. பூட்டி வைக்காமலே ஒரு படத்தை வராமல் செய்ய இது போதும்.

அந்த இளைஞர் கொஞ்ச நாள் கழித்துத் திரும்பவும் அந்த வீட்டுக்குப் போனார். இம்முறை ஒரு தாளில் எல்லாவற்றையும் தமிழில் எழுதிக் கொண்டு போயிருந்தார்: காசு யாருடையது, எவ்வளவு, படம் எங்கே காட்டப்படும், எந்த நேரத்திலும் அம்மா வேண்டாம் என்று சொல்லலாம் என்பது வரை. அம்மா அதை மகளைக் கொண்டு வாசிப்பித்துக் கேட்டார். பிறகு பேசினார். மாதங்கள் கழித்து மடிக்கணினியில் படத்தைப் போட்டுக் காட்டியபோது நானும் இருந்தேன். ஓர் இடத்தில், அயல் வீட்டுக்காரர் ஒருவரைப் பற்றித் தான் கோபத்தில் சொன்னதை எடுத்துவிடச் சொன்னார். “அந்த மனிசனும் பிள்ளையைக் குடுத்தவர்தானே.” அது வெட்டப்பட்டது. அந்த வெட்டை நிதி கொடுத்தவர்களுக்கு விளங்கப்படுத்த அந்த இளைஞர் இரண்டு மின்னஞ்சல்கள் எழுத வேண்டி வந்ததாம்.

படத்தின் முன்னால் மூன்று லோகோக்கள் வந்தன. ஒன்று சுழன்று வந்தது, ஒன்று எழுத்தெழுத்தாக விரிந்தது, மற்றது எரிந்து அணைந்தது. அம்மா அவற்றில் ஒன்றைக் காட்டி, “இதுதானே அந்தத் தாளில இருந்த ஆக்கள்?” என்று கேட்டார். ஓம் அம்மா என்றார் இளைஞர். சரி, போடு தம்பி என்றார் அவர்.